கொமோடோ உடும்பும் முதுமரப் பூஞ்சையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொமோடோ உடும்பு பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இந்தோனேசியத் தீவுகள் சிலவற்றில் வாழும், மூன்று மீட்டர் நீளம் வரை வளரும் இந்த உடும்பை 2021இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அருகிவரும் இனமாக அறிவித்ததை அனைவருக்கும் விளங்கும்படி எழுதியிருந்தீர்கள். அதே அக்கறைக்கு உரிய பூஞ்சை ஒன்றைப் பற்றியும் எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அமெரிக்காவின் ஒரிகன், வாஷிங்டன் மாநில மலைக்காடுகளில், நோபிள் ஃபர் முதலிய ஊசியிலை மரங்களின் அடிப்பகுதியில் நோபிள் பாலிபோர் என்னும் மரக்காளான் வளர்கிறது. 1940களில் கண்டெடுக்கப்பட்ட ஒன்றின் எடை 130 கிலோவுக்கும் அதிகம். காட்டில் வாழும் கொமோடோ உடும்புகளில் பெரும்பாலானவை அந்த எடையை எட்டுவதில்லை. நார்நாராக முடி அடர்ந்த அதன் மேற்பரப்பில் பாசி படர்ந்து, சிறு செடிகளும் முளைத்திருப்பதால், அருகில் நின்று பார்த்தாலும் காளான் என்று சட்டெனத் தெரியாது. அமெரிக்காவில் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்ட பூஞ்சைகளில் இதுவும் ஒன்று.

உடும்புக்கு மான் முதலிய இரையும், குஞ்சுகள் பெரிய உடும்புகளிடமிருந்து தப்பி ஏறி ஒளிந்துகொள்ள மரங்களும் வேண்டும். பூஞ்சைக்கோ அந்த மரமே உணவு, அதுவே வீடு. தீவில் இரை குறைந்தால் உடும்பு சற்றுத் தொலைவேனும் அலைந்து பார்க்கும். பூஞ்சைக்கு அந்த வழி இல்லை. அதன் வித்துகள் காற்றில் எவ்வளவு தொலைவு சென்றாலும், பருத்து முதிர்ந்த மரங்கள் வெட்டப்பட்ட காட்டில் அவை வேரூன்ற இடமில்லை.

கணக்கெடுப்பிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. உடும்பைத் தானியங்கிக் கேமராவில் படம் பிடித்து எண்ணலாம். பூஞ்சையின் உடலோ கட்டைக்குள் இழைகளாகப் பரவியிருக்கிறது. நாம் காண்பது அதன் வித்துகளை உதிர்க்கும் பகுதியை மட்டுமே. மரத்தைத் துளைத்தெடுத்த தூளில் மரபணுச் சோதனை செய்தபோது, காளான் எதுவும் தென்படாத மரங்களிலும் இந்த இழைகள் இருப்பது தெரியவந்தது. ஆகவே காளான் முளைத்த மரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியுள்ளவற்றை வெட்டுவது பாதுகாப்பு ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

மரத்தை மட்கச் செய்வதாலேயே இதை நோய்க்கிருமி போல எண்ணுவது தவறு. முதுமரங்களை மட்கச் செய்து அவற்றின் சத்தை மண்ணுக்குத் திருப்பித் தருபவை இத்தகைய பூஞ்சைகளே. கொமோடோ உடும்புக்கு ஒதுக்கிய பக்கங்களில் பாதியையாவது, படங்களுடன், இதற்கும் ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்