பூட் லோடருக்குள் ஒரு மொழி இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினிப் பாதுகாப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடுதான். ஆனால் பூட் லோடர் என்பது, கணினியைப் போட்டதும் இயங்குதளத்தின் மையமான கெர்னலை மெமரியில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டிய சின்ன நிரல், அதற்குள் ஒரு ஸ்கிரிப்ட் மொழியின் இன்டர்பிரெட்டரை (எழுதியதைப் படித்து அங்கேயே இயக்கும் நிரலை) கொண்டுபோய் வைப்பது வேண்டாத ஆபத்து என்று எழுதியிருந்த பத்தியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. வருடக்கணக்காக சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். இது எனக்குத் தினமும் முன்னால் நிற்கிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பழைய பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும், தாய்ப்பலகையிலேயே இருக்கும் நிரல்) முறையில் டிஸ்கின் முதல் செக்டாரில் இருப்பது மொத்தம் 512 பைட். பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, கடைசி அடையாளத்துக்கு 2 போனால் நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். அதில் யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது, அடுத்த கட்டத்தைக் கூப்பிட்டுவிட்டு நகர வேண்டியதுதான். கட்டுரை சொல்லும் "சின்ன நிரல்" என்பது இதற்கு மட்டும்தான் பொருந்தும். அடுத்த கட்டத்துக்கு வந்தால் கதையே வேறு. எந்த டிஸ்க், எந்த கெர்னல், எந்த மாட்யூல்களை முன்கூட்டியே ஏற்ற வேண்டும், மெனுவைத் திரையில் காட்டுவதா சீரியல் கேபிள் வழியாக அனுப்புவதா, நேற்றைய அப்டேட்டுக்கு அப்புறம் கணினி எழுந்ததா இல்லையா, எழவில்லை என்றால் பழையதற்குத் திரும்புவதா? இத்தனை கேள்விகளுக்கும் அந்தச் சில வினாடிகளில் யாரோ பதில் சொல்லியாக வேண்டும். "இப்படி இருந்தால் அதைச் செய், இல்லையென்றால் இதைச் செய்" என்று எழுத வேண்டிய நிலை வந்துவிட்டால் அங்கே ஒரு மொழி வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதை ஒத்துக்கொண்டு ஒழுங்கான ஒரு மொழியை வைப்பதா, ஒத்துக்கொள்ளாமல் கான்ஃபிக் ஃபைல் என்ற பெயரில் அரைகுறையாக ஒன்றை வளரவிடுவதா என்பதுதான் உண்மையான கேள்வி.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகளில் 1980களின் கடைசியிலேயே ஃபர்ம்வேருக்குள், அதாவது கணினியின் சிப்பிலேயே பதித்து வைத்த நிரலுக்குள், ஃபோர்த் மொழியின் இன்டர்பிரெட்டர் இருந்தது. அதுதான் பிறகு ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற பெயரில் 1994இல் ஐஇஇஇ அமைப்பின் 1275 என்ற தரநிலையாக ஆனது, ஆப்பிளின் பவர்பிசி மேக்குகளிலும் ஓடியது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எஃப்கோட். ஒரு விரிவாக்க அட்டை தன்னை இயக்கும் நிரலான டிரைவரை எந்த ஒரு சிபியூவின் கட்டளைகளிலும் எழுதி வைக்காமல், ஃபோர்த்தின் பைட்கோடாக, அதாவது இன்டர்பிரெட்டர் படிக்கும் சுருக்கக் குறியீடாக, தன் ரோம் சிப்பிலேயே சுமந்து வரும். ஃபர்ம்வேரில் இருக்கும் இன்டர்பிரெட்டர் அதைப் படித்து இயக்கிக்கொள்ளும். சிபியூ மாறினாலும் அட்டை வேலை செய்யும். அந்தக் காலத்திலேயே இதைச் சிந்தித்துத் தரநிலையாக எழுதி வைத்திருக்கிறார்கள்!

ஃபிரீபிஎஸ்டி என்ற திறந்தமூல இயங்குதளம் 1990களின் இறுதியில் அதே ஃபோர்த்தை, ஃபிக்கிள் என்ற சிறிய இன்டர்பிரெட்டர் வடிவில், தன் பூட் லோடருக்குள் கொண்டுவந்தது. ஃபோர்த் மிகச் சிறியது, எந்த மூலையிலும் அடங்கிவிடும். ஆனால் அதை வாசிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். இரண்டையும் மூன்றையும் கூட்டி விடையைக் காட்டு என்பதை அதில் "2 3 + ." என்று எழுத வேண்டும், எண்களை முதலில் அடுக்கில் போட்டுவிட்டு அப்புறம்தான் செயலைச் சொல்வார்கள். ஒரு வரிக்குச் சரி. நூற்றுக்கணக்கான வரிகளில் ஒரு பூட் மெனுவை எழுதி வைத்தால், அடுக்கில் இந்த நிமிடம் என்னென்ன இருக்கிறது என்று மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். அதைத் தைரியமாகத் திருத்தக்கூடியவர்கள் வரவரக் குறைந்துபோனார்கள். பூட் ஆகும் நேரத்தில் ஓடுகிற நிரலைத் திருத்த ஆள் இல்லை என்றால், எனக்கு அது எந்தப் பாதுகாப்பு ஓட்டைக்கும் குறையாத ஆபத்தாகத்தான் தெரிகிறது.

அதனால்தான் லோடருக்குள் லுவா வந்தது. 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி, இன்னொரு நிரலுக்குள் பொதிந்து வைப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. மூலநிரல் ஏறக்குறைய 30,000 வரி சி, அவ்வளவுதான். ஃபிரீபிஎஸ்டி லோடரில் லுவாவை வைக்கும் வேலை 2014இல் கூகுளின் மாணவர் கோடைத் திட்டத்தில் நடந்தது. 2018 டிசம்பரில் வந்த 12.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்பான லோடர். இயங்குதளமே இல்லாத இடத்தில் இன்டர்பிரெட்டர் எப்படி ஓடும் என்ற சந்தேகம் கட்டுரையில் லேசாக எட்டிப்பார்த்தது. அதற்கு வேண்டியது மெமரி ஒதுக்க ஒரு வழி, ஃபைல் படிக்க ஒரு வழி, எழுத்தைத் திரைக்கு அனுப்ப ஒரு வழி. இவற்றை லோடரின் சிறிய சி நூலகமே தந்துவிடுகிறது. தசம எண்கள் அங்கே தேவையில்லை என்பதால் லோடரின் லுவாவில் எண் என்றாலே முழு எண் மட்டும்தான். பயாஸைச் சோதிப்பதற்காக இன்டெல் நிறுவனம், லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் கிரப் லோடருக்குள் பைத்தான் மொழியையே ஓடவிட்டு, 2015 பைகான் மாநாட்டில் காட்டியும் இருக்கிறது. ஆக, முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது.

லோடர் ஓடும் இடம் எவ்வளவு குறுகலானது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஃபிரீபிஎஸ்டியில் புதிய கெர்னலை ஒரே ஒரு முறை மட்டும் சோதித்துப் பார்க்கச் சொல்லும் வசதி உண்டு. அதற்கான ஃபைலில் ஒரு வரி "யெஸ்" என்று இருக்கும். லோடர் அதைப் படித்ததும், புதிய கெர்னலை ஏற்றுவதற்கு முன்பே அந்த வரியை "நோ" என்று மாற்றிவிடும். புதிய கெர்னல் விழுந்துவிட்டாலும் அடுத்த முறை பழையதே எழுந்து வரும். ஆனால் லோடருக்கு ஒரு ஃபைலை நீட்டவோ குறைக்கவோ தெரியாது, ஏற்கனவே இருக்கும் பைட்டுகளின் மேலேயே எழுதத்தான் தெரியும். ஆங்கிலத்தில் யெஸ் மூன்றெழுத்து, நோ இரண்டெழுத்து. அதனால் புதிய வரியின் கடைசியில் ஒரு வெற்றிடத்தைச் சேர்த்து நீளத்தைச் சரிக்கட்டுகிறார்கள். அந்த ஒற்றை வெற்றிடம் ஏன் அங்கே இருக்கிறது என்பதை இன்று லுவா தெரிந்த எவரும் ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளலாம். எனக்கு வேண்டியது அதுதான், முடிவெடுக்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சரி, எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். 2020 ஜூலையில் வெளியான பூட்ஹோல் ஓட்டை. கிரப் 2 தன் கான்ஃபிக் ஃபைலை ஷெல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் வசதி) போன்ற ஒரு சொந்த மொழியாகப் படிக்கிறது. அந்த மொழியைச் சொல்சொல்லாகப் பிரிக்க ஃபிளெக்ஸ் என்ற கருவி உருவாக்கிய நிரலைப் பயன்படுத்தினார்கள். ஒரு சொல் ஒதுக்கிய இடத்தைவிட நீளமாக இருந்தால் அந்த நிரல் ஒரு "அபாயப் பிழை" ஃபங்ஷனைக் கூப்பிடும், கூப்பிட்டால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும் என்று நம்பித்தான் அது எழுதப்பட்டது. கிரப்பில் இருந்த ஃபங்ஷனோ பிழைச் செய்தியைத் திரையில் எழுதிவிட்டு அமைதியாகத் திரும்பி வந்தது. அப்புறம் என்ன, அந்த நீளமான சொல் அப்படியே மெமரியில் வழிந்து பக்கத்தில் இருந்ததை எல்லாம் அழித்தது. கணினியில் நிர்வாகி உரிமை பெற்ற ஒருவர் கான்ஃபிக் ஃபைலை மாற்றி எழுதினாலே, டிஜிட்டல் கையொப்பமிட்ட நிரலை மட்டுமே பூட் ஆக விடும் செக்யூர் பூட்டைத் தாண்டிப் போய்விடலாம், ஏனென்றால் கிரப் கையொப்பமிடப்பட்டது, கான்ஃபிக் ஃபைல் கையொப்பமிடப்படாதது. சரிசெய்ய வந்த அப்டேட்டால் சில லினக்ஸ் கணினிகள் பூட்டே ஆகாமல் நின்றதும் நடந்தது.

பூட் லோடரில் மொழி வைத்தால் இப்படித்தான் ஆகும் என்பார்கள். நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். ஓட்டை விழுந்தது ஒரு லோடருக்காகவே தனியாகக் கட்டிய மொழியின் பார்சரில், அதாவது எழுதியதைப் பிரித்துப் படிக்கும் பகுதியில். லுவாவிலும் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே இன்டர்பிரெட்டர் விளையாட்டுகளிலும் நெட்வொர்க் கருவிகளிலும் டேட்டாபேஸ்களிலும் நாள் முழுக்க அடிபட்டுக்கொண்டே இருக்கிறது, பிழைகளைத் தேடுகிற கண்கள் அதிகம், கிடைத்த திருத்தம் லோடருக்கும் வந்து சேர்கிறது. பூட்ஹோலின் இன்னொரு பாதி, ஸ்கிரிப்ட்டைக் கையொப்பம் பார்க்காமல் நம்பியது. அதற்குத் தீர்வு ஸ்கிரிப்ட்டையும் சரிபார்ப்பதுதான். ஃபிரீபிஎஸ்டி லோடரில் கையொப்பமிட்ட ஒரு பட்டியலோடு ஒவ்வொரு ஃபைலின் ஹாஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்ணை) ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியைச் சேர்த்துக் கம்பைல் செய்துகொள்ளலாம். விருப்பப்பட்டவர் மட்டும் போடுகிற வசதியாக அது இருப்பதில் எனக்கு வருத்தம்தான். இந்த இடத்தில் கட்டுரையாளரின் கவலையை முழுமையாக ஏற்கிறேன்: சரிபார்க்காத ஸ்கிரிப்ட்டை இயக்கும் இன்டர்பிரெட்டர் செக்யூர் பூட்டை அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும்.

மொழி வேண்டாம் என்று ஒதுங்கிய இடங்களிலும் அது வேறு வேஷத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. லினக்ஸுக்கான சிஸ்டம்டி-பூட், ஸ்கிரிப்ட் எதுவும் கிடையாது என்பதையே கொள்கையாக வைத்திருக்கும் லோடர், எளிமையாக நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் பூட் தோல்விகளை எண்ண வேண்டிய கட்டம் வந்ததும், அந்த எண்ணிக்கையை ஃபைலின் பெயரிலேயே வைத்தார்கள். பெயரில் "+3" என்று இருந்தால் மூன்று வாய்ப்பு, ஒருமுறை முயன்றதும் லோடரே பெயரை "+2-1" என்று மாற்றும், வாய்ப்பு தீர்ந்தால் அந்தப் பதிவு வரிசையில் கடைசிக்குப் போய்விடும். யோசித்துச் செய்ததுதான், வேலையும் செய்கிறது. ஆனால் மூன்று தடவை தோற்றால் நெட்வொர்க் வழியாக மீட்புப் பிரதியை எடு என்று நான் சொல்ல நினைத்தால் அதை எந்தப் பெயரில் எழுதுவது? சிறு கருவிகளில் அதிகம் இருக்கும் யூ-பூட் லோடரில் இதைச் செய்ய முடிகிறது, அங்கே பூட் எண்ணிக்கை எல்லையைத் தாண்டினால் மாற்றுக் கட்டளை ஒன்று ஓடும், அந்தக் கட்டளையை நாமே எழுதி வைக்கலாம். அது சாத்தியமாவதே யூ-பூட்டுக்குள் ஒரு ஷெல் இருப்பதால்தான்.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டால் விழுந்தவை மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள். அது பூட் லோடர் பிரச்சினை இல்லை, கெர்னலுக்குள் ஓடிய டிரைவரின் பிரச்சினை. ஆனாலும் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. போனது நிரல் இல்லை, வெறும் தகவல் ஃபைல் என்றுதான் அதைக் கருதினார்கள். அதைப் படிக்க அந்த டிரைவருக்குள் ஒரு இன்டர்பிரெட்டர் இருந்தது. ஃபைல் 21ஆவது உள்ளீட்டைப் பார்க்கச் சொன்னது, நிரல் கொடுத்ததோ 20. எல்லை சரிபார்க்கப்படவில்லை, இல்லாத இடத்தில் போய்ப் படித்துக் கெர்னல் விழுந்தது. லுவாவில் 20 இருக்கும் பட்டியலில் 21ஆவதைக் கேட்டால் "நில்" என்ற வெறுமை கிடைக்கும், அடுத்த மெமரியை எட்டிப் பார்க்க அந்த மொழியில் வழியே இல்லை. விழுந்த கணினிகள் திரும்பத் திரும்ப அதே டிரைவரை ஏற்றித் திரும்பத் திரும்ப விழுந்தன. ஆட்கள் ஒவ்வொரு இயந்திரமாகப் போய் சேஃப் மோடில் அந்த ஃபைலைக் கையால் அழித்தார்கள். போன முறையும் அதற்கு முந்தைய முறையும் எழவில்லை, புதிதாக வந்ததை விட்டுவிட்டு ஏற்று என்று சொல்லும் நாலு வரி நிரல் கெர்னலுக்கு முன்னால் ஓடியிருந்தால் அந்த வாரம் எத்தனை பேருக்கு வேறு மாதிரி போயிருக்கும்!

இன்டர்பிரெட்டரை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஸ்கிரிப்ட்டிலேயே பிழை வந்தால் லோடர் அசைவற்று நிற்கக் கூடாது, பிழையைச் சொல்லிவிட்டு கையால் கட்டளை கொடுக்க விட வேண்டும். ஃபிரீபிஎஸ்டி லோடர் அப்படித்தான் செய்கிறது. அதோடு லுவா உள்ளது, ஃபோர்த் உள்ளது, மொழியே இல்லாதது என்று மூன்று வகை லோடர்களையும் கொடுக்கிறார்கள், யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். லோடரின் மொழிக்குத் தேவைக்கு மேல் அதிகாரம் கொடுக்கக் கூடாது. ஃபைலைப் படி, மெனு காட்டு, கெர்னலை ஏற்று, இத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அழகான அனிமேஷன் போடத்தான் ஸ்கிரிப்ட் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இடம் கொடுக்கவே கூடாது.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, கருவிகளையும் சர்வர்களையும் வாங்குகிற வாசகர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் சேர்த்துப் போடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு இயந்திரம் எழவில்லை என்றால் எதை ஏற்றுவது என்று முடிவு செய்வது எந்த நிரல்? அந்த முடிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதை நாங்கள் திறந்து படிக்கலாமா? படிக்கலாம் என்றால், அதை மாற்றியது யார் என்று சரிபார்க்கக் கையொப்பம் இருக்கிறதா?

அன்புடன்,
சர்வர் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு வாசகர்