பிடிஎஃப் மட்டும் போதாது: தமிழில் ஆவணம் வெளியிடும் அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இணையதளப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஓய்வு நேரத்தில் வீட்டுக் கணினியில் சிறு நிரல்கள் எழுதுகிறவர்கள் நாங்கள். உங்கள் அறிவிப்புகளில் சொல் தேடவும், பட்டியல்களை ஊர்வாரியாகப் பிரிக்கவும், பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டவும் நிரல் எழுத உட்கார்ந்தால், நேரமெல்லாம் எழுத்துருவோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஆவணத்திலிருந்து ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்புக்குள் தமிழ் இல்லை. எந்தத் தேடுபொறிக்கும் அது அகப்படாது.

இதை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணையை ஒரு மாலையில் எழுதிவிடலாம். சிக்கல் கொம்பில்தான் இருக்கிறது. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிப்பவை. ‘கொ’ என்றால் கொம்பு, க, கால். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. நிரல் கொம்பைத் தூக்கிப் பின்னால் வைத்துக் காலோடு சேர்க்க வேண்டும். ஔகாரம் இன்னும் பெரிய தொல்லை. அதன் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை என்பதால், கவனமில்லாத நிரல் ‘வெளியீடு’ என்பதை ‘வௌியீடு’ என்று கெடுத்துவிடும். இந்தப் பிழை இணையத்தில் எத்தனையோ பக்கங்களில் அப்படியே நிற்கிறது. ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ள என்ற எழுத்து; ‘கௌரவம்’ போல வேறு எழுத்து வந்தால்தான் ஔகாரம். இந்தச் சோதனை கொம்பை நகர்த்துவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

தாளை ஸ்கேன் செய்து ஏற்றுவது இதைவிட மோசம். 300 டிபிஐ தெளிவு இருந்தாலும், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற நிரல் துணைக்காலை ரகரமாகவும் ரகரத்தைத் துணைக்காலாகவும் படித்துவிடும். அட்டவணையென்றால் பத்திகள் ஒன்றோடொன்று கலந்துபோகும்.

யூனிகோடை ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது 2010-இல். ஆகவே நாங்கள் கேட்பது புதிதல்ல. யூனிகோடில் தட்டுங்கள். யூனிகோடு பிடிஎஃப்பிலும் நகலெடுக்கையில் கொம்பு இடம்மாறுவதுண்டு என்பதால், பிடிஎஃப்போடு மூலக் கோப்பையும் ஏற்றுங்கள். பட்டியலென்றால் எக்செலில் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்து சேமியுங்கள். வெறும் ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். மூலக் கோப்பு கையில் இல்லையென்றால் மீட்க வழியே இல்லை.

பழைய கோப்புகளைத் திரும்பத் தட்டச் சொல்லவில்லை. பாமினியா, வானவில்லா, எந்த எழுத்துருவில் தட்டியது என்று கோப்பின் பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள். மாற்றுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
வீட்டில் நிரல் எழுதும் சிலர்