மூக்கு உருண்ட படகு

கோபி,
ஆவணி 8

அன்புள்ள மாப்ளே,

உன் கடுதாசி வந்தபோது நாங்கள் ஊரில் இல்லை. மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போய் மூணு மாசம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பினோம். பக்கத்து வீட்டு அம்மா அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். உன் சம்சாரத்துக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்ததும் மனசு லேசாச்சு. இங்கே தென்னைக்கு வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி கிடக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி விட்டுவிட்டார்கள். நேற்று சாயங்காலம் பாலத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ரெண்டு கரையும் தொட்டுப் போகிறது.

இந்தக் கடிதத்தில் உன்னிடம் ஒரு வேலை கேட்கப் போகிறேன். ஏன் கேட்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகள் இருப்பது ஷெஃபீல்டு. எஃகுக்குப் பேர்போன ஊர். நம்ம வீட்டு எவர்சில்வர் டம்ளருக்கு மூலமான துருப்பிடிக்காத எஃகை 1913இல் அங்கேதான் உருக்கினார்கள். பட்டறைக்காரனான நீ பார்க்க வேண்டிய ஊர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேரனை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனேன். அவன் வகுப்பு முடிந்து கிளம்பும் நேரத்தில், சின்னச் சின்னப் படகுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் உள்ளே வந்தார்கள். குளத்துக்கு எதற்குப் படகு என்று நின்று பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போக ராத்திரி ஆகிவிட்டது.

கனூ போலோ என்கிறார்கள். படகில் உட்கார்ந்து ஆடும் பந்தாட்டம். பக்கத்துக்கு ஐந்து பேர். பந்து, வாட்டர் போலோ பந்துதான். கையாலும் எறியலாம், துடுப்பாலும் தட்டலாம். பந்தை அடிக்க வேண்டிய கோல் சட்டம் தண்ணியில் மிதக்காது. தண்ணிக்கு மேலே 2 மீட்டர் உயரத்தில் தொங்கும். ஒன்றரை மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம், அவ்வளவுதான். கோல் காப்பவர் அதற்கு நேர் கீழே படகை நிறுத்தித் துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்துத் தடுக்கிறார். முறையான மைதானம் 35 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம். பத்து நிமிஷம், இடைவேளை, மறுபடி பத்து நிமிஷம். பந்தைக் கையில் ஐந்து விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வைத்திருப்பவனை எதிராளி திறந்த கையால் தோளில் தள்ளலாம், படகோடு கவிழ்த்துவிடலாம். அது தப்பில்லை, ஆட்டத்தின் பாகம்.

அந்தக் கவிழ்வதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

பத்து வயசுப் பெண் குழந்தை ஒன்று. தலையில் முகக்கம்பி வைத்த ஹெல்மெட், உடம்பில் மிதவைச் சட்டை, இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடை மாதிரி ஒன்று. அந்தப் பாவாடையின் விளிம்பைப் படகில் உட்காரும் வாயைச் சுற்றி மாட்டிவிட்டால் உள்ளே தண்ணி போகாது. குழந்தை பந்தைப் பிடித்தது, ஒரு பையன் வந்து தோளில் தள்ளினான், படகு தலைகீழாகக் கவிழ்ந்தது. மேலே தெரிந்தது படகின் அடிவயிறு மட்டும்தான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. என்னையறியாமல் ரெண்டு அடி முன்னால் போய்விட்டேன். அதற்குள் ஒரு துடுப்பு நுனி தண்ணிக்கு மேலே வந்தது, படகு இடுப்பிலிருந்து ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது. குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பந்தைத் தேடிப் போய்விட்டது. மொத்தமே மூணு விநாடி இருக்கும்.

அந்த மூணு விநாடியில் எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழாம் வகுப்புப் பரீட்சை லீவு. ஜமக்காளத் தறிக்காரர் மகன். நாம் மூணு பேரும் ஒன்றாகத்தான் வாய்க்காலுக்குப் போனோம். உனக்கும் எனக்கும் தோட்டத்துக் கிணறு இருந்தது, முதுகில் சுரைப்புருடை கட்டித் தள்ளிவிட அப்பன்மார் இருந்தார்கள். அவனுக்கு ரெண்டுமே இல்லை. நாம் குதித்தோம், அவனும் குதித்தான். அம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பாலத்தில் நிற்கும்போது என் கண் தானாகவே மதகுப் பக்கம் போகிறது. முப்பத்திரண்டு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தேன். வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு மணி நேரம் நீச்சல் சொல்லித்தர அனுமதி கேட்டேன். "ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார்கள், அதோடு முடிந்தது. பதில் சொல்லத் தயார் என்று நான் இன்னும் பலமாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

சரி, குளத்துக்கு வருகிறேன். சொல்லித்தருபவர் நரைத்த பெரியவர், என் வயசுதான் இருக்கும். அடுத்த சனிக்கிழமையும் போனேன், அதற்கடுத்ததும் போனேன். என் இங்கிலீஷை வைத்து அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மீதியை மகள் வீட்டில் உட்கார்ந்து படித்தேன்.

அந்தத் தலைகீழ் வித்தை கிரீன்லாந்து இனூயிட் வேட்டைக்காரர்களுடையது. பனிக்கடலில் தோல் படகில் போய் சீல் வேட்டையாடுகிறவர்கள். கவிழ்ந்தால் நிமிர வேண்டும், நிமிராவிட்டால் குளிரே கொன்றுவிடும். அங்கே அது பிழைப்பு. ஆஸ்திரியாவில் ஹான்ஸ் எடி பவ்லாட்டா என்று ஒருவர், அந்த வேட்டைக்காரர்களைப் பற்றிப் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஏரியில் தானாகவே பழகி, 1927இல் நிமிர்ந்து காட்டினார். ஐரோப்பியரில் முதலில் செய்தவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். சொல்லித்தர ஆள் இல்லாமல், படித்ததை நம்பித் தலைகீழாகத் தொங்கியிருக்கிறார், பார். 1930இல் ஜினோ வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் கிரீன்லாந்துக்கே போய் அந்த மக்களிடமே கற்றுக்கொண்டார். ரெண்டே வருஷத்தில், 25 வயசில், அங்கே தனியாகப் படகில் வேட்டைக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய காலியான படகுதான் கிடைத்தது. இதைச் சொன்னபோது பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அவர்களுக்கு முன்னாலேயே, ஸ்காட்லாந்து வம்சத்து வக்கீல் ஜான் மக்ரெகர் 1865இல் ஒற்றை ஆள் படகில் ஐரோப்பிய ஆறுகளையெல்லாம் சுற்றி வந்து புத்தகம் எழுதினார். ஜனங்களுக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது அதற்கப்புறம்தான். அடுத்த வருஷமே சங்கமும் தொடங்கிவிட்டார். படகில் உட்கார்ந்து பந்தாடுவது ஜெர்மனியில் 1920களிலேயே இருந்திருக்கிறது. ஆனால் நாட்டுக்கு நாடு ஆட்டம் வேறு, அளவு வேறு.

நான் உனக்குச் சொல்ல வந்த ஆள் ஆலன் பைடு. இங்கிலாந்துக்காரர், படகு கற்றுக்கொடுப்பவர். குளிர்காலத்தில் ஆற்றில் பிள்ளைகளை இறக்க முடியாது. வெதுவெதுப்பான நீச்சல் குளம் இருக்கிறது, ஆனால் கயாக் என்கிற அந்த ஒற்றை ஆள் படகு நீளம். திருப்ப இடம் போதாது. அதைவிட, அதன் கூரான மூக்கு இடித்துக் குளத்து ஓடு பெயர்ந்தால் அடுத்த வாரம் உள்ளே விட மாட்டார்கள். அவர் 1960களில் ஒரு படகு செய்தார். குட்டையானது, ரெண்டு முனையும் உருண்டையானது. ஓட்டில் இடித்தால் ஓடும் உடையாது, ஆள் மேல் இடித்தாலும் பெரிதாகக் காயம் ஆகாது. நீச்சல் குளப் பயிற்சிப் படகு என்ற பொருளில் பேட் என்று சுருக்கமாகப் பேர் வைத்தார்கள். நோக்கம் கற்றுக்கொடுப்பது மட்டும்தான். ஆனால் பத்துப் பிள்ளைகளை இடித்தாலும் வலிக்காத படகுகளில் உட்கார வைத்துக் குளத்தில் ஒரு பந்தையும் போட்டால் என்ன நடக்கும்? பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு அதை யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் செய்தார். ஃபைபரில் படகு எப்படிச் செய்வது என்று புத்தகமே எழுதினார். அந்தக் காலத்தில் அங்கே பள்ளிக்கூடக் கொட்டகையிலும் சங்கத்துக் கொட்டகையிலும் மோல்டு என்கிற அச்சை வாங்கி வைத்துக்கொண்டு, ஃபைபர் நார்ப் பாயும் ரெசின் பிசினும் பூசிப் பூசித் தங்கள் படகைத் தாங்களே வார்த்துக்கொண்டார்கள். ஒரு மோல்டு ஊர் ஊராகப் போகும். அது போன ஊரிலெல்லாம் பிள்ளைகள் தண்ணியில் இறங்கின. செய்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஊருக்கு விட்டதைப் பார்த்தபோது, நம்ம பக்கத்துக் காலிங்கராயன் வாய்க்காலை வெட்டி முடித்துவிட்டு, தன் வம்சம் அந்தத் தண்ணியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதாக நம்ம பாட்டிமார் சொல்வார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் நடந்தது வேகம். நாட்டுக்கு நாடு வேறாக இருந்த விதிகளை சர்வதேசப் படகுக் கூட்டமைப்பு ஒன்றாக்கியது. முதல் உலகப் போட்டி 1994இல் நடந்தது, எங்கே தெரியுமா? அதே ஷெஃபீல்டில். ஆண்களில் ஆஸ்திரேலியா ஜெயித்தது, பெண்களில் பிரிட்டன். 2005இல் ஜெர்மனியில் நடந்த உலக விளையாட்டு விழாவிலும் சேர்த்துக்கொண்டார்கள். ஜெயித்தவர்கள் பேரைவிட எனக்கு அந்தக் கொட்டகைகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. பேரே தெரியாத எத்தனையோ வாத்தியார்கள் கையெல்லாம் ரெசின் ஒட்டிக்கொண்டு சனிக்கிழமைகளை அங்கே கழித்திருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பெரியவர் என்னைத் தன் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். மேலே விட்டத்தில் ஒரு பழைய படகு கயிற்றில் தொங்கியது. சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகியிருந்தது. மூக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுப் போட்டு, தொட்டுப் பார்த்தால் கரடு கரடாக இருந்தது. உள்ளே கையை விட்டேன். ஃபைபர் நார் விரலில் குத்தியது. உட்காருமிடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்த இடமோ. நான் அதைத் தடவிக்கொண்டே நின்றதைப் பார்த்துவிட்டு, அவர் ஒரு டேப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். ரெண்டு பேருமாக அளந்தோம். நீளம், அகலம், வாயின் சுற்றளவு, ஒரு சாணுக்கு ஒரு இடமாகக் குறுக்கு வெட்டு. எல்லாம் தனிக் காகிதத்தில் படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

இப்போது வேலை என்னவென்று உனக்கே புரிந்திருக்கும். வடோதராவில் இருபத்தைந்து வருஷமாக ஃபைபர் தொட்டியும் கதவும் வார்த்தவன் நீ. எனக்கு ஒரே ஒரு மோல்டு போட்டுக் கொடு. வார்க்கிற வேலையை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். ஜெல்கோட் எவ்வளவு, மேட் எத்தனை அடுக்கு, ஹார்ட்னர் எந்த அளவு, நம்ம வெயிலுக்கு எவ்வளவு சீக்கிரம் இறுகும் என்று எழுது.

இடத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். என் பங்காளி தோட்டத்தில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறார், 30க்கு 30 மீட்டர், ஷீட் விரித்தது. போட்டி ஆட இடம் போதாது, கற்றுக்கொள்ளத் தாராளம். ஷீட்டுக் குட்டை எவ்வளவு ஆபத்து என்று எனக்கும் தெரியும். வழுக்கும், விழுந்தவன் ஏற முடியாது. நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு இறக்கி, ஏற டயரும் கட்டச் சொல்லியிருக்கிறேன். மிதவைச் சட்டை போடாமல் ஒரு பிள்ளையும் கரையில்கூட நிற்கக் கூடாது. முதல் மாசம் பந்து கிடையாது. கவிழ்வது, பாவாடை வாரை இழுத்து வெளியே வருவது, நிமிர்வது. அவ்வளவுதான். தண்ணிக்குள் தலைகீழாக இருக்கும்போது பயப்படாமல் கையை எங்கே வைப்பது என்று தெரிந்த பிள்ளை, வாய்க்காலில் குதிக்குமுன் யோசிக்கவும் செய்யும். பதினோரு பிள்ளைகள் பேர் கொடுத்திருக்கிறார்கள். அதில் நாலு பெண் பிள்ளைகள். ஒரு பையன் தறிக்காரர் வீட்டுப் பேரன்.

படத்தைப் பார்க்கும்போது ரெண்டு விஷயம் கவனி. இன்றைய விதிப்படி நீளம் 2.10 மீட்டருக்குக் குறையக் கூடாது, 3 மீட்டரைத் தாண்டக் கூடாது; அகலம் 50லிருந்து 60 சென்டிமீட்டர்; எடை 7 கிலோவுக்குக் குறையக் கூடாது. நம்ம பிள்ளைகள் நாளைக்கு வெளியூர் போய் ஆடினாலும் படகு செல்லுபடியாக வேண்டும் அல்லவா. இன்னொன்று, மூக்கை நன்றாக உருட்டு. அங்கே ஓடு உடையாமல் இருக்க ஆலன் பைடு உருட்டினார். இங்கே ஷீட் கிழியாமல் இருக்க வேண்டும். ஷீட் கிழிந்தால் என் பங்காளி அடுத்த வாரம் உள்ளே விட மாட்டார்.

செலவு எவ்வளவு ஆனாலும் சொல், பென்ஷன் வருகிறது. தைக்கு நீ ஊருக்கு வரும்போது மோல்டு தயாராக இருந்தால் லாரியில் போட்டுவிடு, இல்லை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ரயிலில் ஏற்ற விடுவார்களா என்று மட்டும் விசாரித்து வை.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்