பகலில் பாரதம், இரவில் கூத்து: விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

திருவண்ணாமலை, காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழா எடுக்கும் குழுவினருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாக நடந்து தீமிதியோடு முடியும் அடுத்த அக்னி வசந்த விழாவுக்கு ஊர் வரி பேச விரைவில் கூடுவீர்கள். அந்தக் கூட்டத்தில் முதல் வெட்டு பாரதச் சொற்பொழிவுக்கு விழுகிறது. "பகலில் யார் வந்து கேட்கிறார்கள்?" என்று ஒருவர் சொன்னால் போதும், நாட்கள் பாதியாகிவிடுகின்றன. அடுத்த வெட்டு கூத்து இரவுகளுக்கு. மிச்சப்படும் பணம் சீரியல் விளக்குக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் போகிறது. இந்த ஆண்டு சொற்பொழிவிலும் கூத்திலும் கை வைக்காதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சொற்பொழிவும் கூத்தும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. வில்லிபுத்தூரார் 4,000-க்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடிய பாரதத்திலிருந்து ஒரு பாட்டை எடுக்கிறார் பிரசங்கியார். பின்பாட்டுக்காரர் ஆர்மோனியத்தோடு அதை இழுத்துப் பாடுகிறார். பிறகு பிரசங்கியார் சொல் சொல்லாகப் பிரித்து, நம் வீட்டுப் பங்காளிச் சண்டை வரைக்கும் கொண்டுவந்து பொருள் சொல்கிறார். தன்னையே தோற்றுவிட்ட தருமருக்கு என்னை வைத்து ஆட என்ன உரிமை என்று பாஞ்சாலி கேட்ட கேள்வியைப் பகலில் இப்படி அலசிக் கேட்ட பிள்ளை, அன்றிரவே 'பகடை துகில்' என்ற சூதாட்டக் கூத்தில் அதே கேள்வி சபை நடுவே எழுவதைப் பார்க்கிறது. பீஷ்மர் ஏன் வாய் திறக்கவில்லை என்று மறுநாள் டீக்கடையில் பெரியவர்கள் வாதாடுகிறார்கள். கட்டணமில்லாமல், ஊர்க் காசில், ஊர் மொழியில் ஒரு காவியத்தை இத்தனை ஆழமாகப் பேசும் அரங்கு நம் கிராமங்களுக்கு வேறு எங்கே இருக்கிறது? பகல் பாதியை வெட்டினால் இரவு வெறும் வேடிக்கையாகிவிடும்.

ஆள் வருவதில்லை என்பது உண்மைதான். சித்திரை வெயிலில் பிற்பகல் 2 மணிக்குத் தகரப் பந்தலுக்குள் யார் உட்காருவார்கள்? 5 மணிக்கு மாற்றுங்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறார்கள். முடிவில் அரை மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளும் பெண்களும் பிரசங்கியாரிடம் நேராகக் கேள்வி கேட்கட்டும். கூத்து வாத்தியாரும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் ஏறுவதற்கு முன் முகத்தில் எழுதும் ஒவ்வொரு கோடும் எந்த வேடத்துக்கு உரியது என்று அவர் சொல்லிக் கேட்பது தனிப் பாடம்.

அர்ச்சுனன் தவம் செய்யும் 'அர்ச்சுனன் தபசு' கூத்தை எண்ணிப் பாருங்கள். ஊர் வெளியில் நட்ட பனைமரத்தில், படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுகிறார் கூத்துக்காரர். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்கும் வில்வத்துக்கும் கீழே பெண்கள் மடியேந்தி நிற்கிறார்கள். துரியோதனன் வீழும் படுகளத்தன்று, இரவெல்லாம் ஆடிய அதே உடம்போடு பீமனும் துரியோதனனும் வெயிலில் தெருத் தெருவாகத் துரத்திக்கொண்டு வருகிறார்கள்; மண்ணில் கிடக்கும் பெரிய துரியோதனன் உருவத்தின் தொடை பிளந்த பிறகுதான் பாஞ்சாலி கூந்தல் முடிகிறாள். இந்த உழைப்புக்குக் கூலி பேசும்போது தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். கச்சேரிக் குழுவுக்கு முன்பணம் தருவதுபோல் கூத்துக் குழுவுக்கும் தாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பட்டியலின மக்கள் உள்ளே வருவது பற்றிய தகராறில் 2023-இல் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. சபையில் நின்று நியாயம் கேட்டவளின் கோயில் அது! உங்கள் ஊரில் சந்நிதியிலும் பந்தலிலும் கூத்துக் களத்திலும் எல்லாரும் ஒன்றாக உட்காரும்படி செய்யுங்கள். வரி வாங்குவதிலும், பரிவட்டம் கட்டுவதிலும், குழுவில் இடம் தருவதிலும் பிரிவினை இருந்தால் அதை இந்தக் கூட்டத்திலேயே எடுத்துவிடுங்கள். இதில் மட்டும் 'வழக்கம்' என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியாக, நோட்டீஸ். உபயதாரர் பெயர்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. பிரசங்கியார் பெயரையும் கூத்து வாத்தியார் பெயரையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். எந்த நாளில் எந்தக் கதை, எத்தனை மணிக்கு என்று அச்சிட்டு, பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன்பே வீடு வீடாகக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செய்யாறு பக்கத்துக் கூத்து ரசிகன்