செயலாளர் அறிக்கை 2024: தண்ணீர்ப் பந்தல், சந்தா பாக்கி, அப்புறம் நம் அம்மாயி

அனைவருக்கும் வணக்கம். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கும் விவரமும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும் என்பது மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம். கூட்டத்தில் செயலாளர் அறிக்கை வாசித்தாக வேண்டும் என்பது நம் சங்கத்து விதி. வர இயலாதவர்களுக்காகப் புலனத்திலும் (வாட்ஸ்அப்) போடுகிறேன். வர இயலாதவர்கள்தான் நம்மில் அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 15 பொங்கல், அடுக்குமாடிக்குக் கீழே, வழக்கம்போல். பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்தோம். இரத்த தான முகாம் நடந்தது. கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவுப் பணி இரண்டு முறை அறிவித்து ஒரு முறை நடந்தது. தீபாவளிக்கு மூத்தவர்கள் வீடுகளுக்கு அரிசி, எண்ணெய் போய்ச் சேர்ந்தன.

தைப்பூசத்தை மட்டும் ஒரு வரியில் முடிக்க முடியவில்லை. கோலாலம்பூர் துன் எச்.எஸ்.லீ சாலை மகா மாரியம்மன் கோயிலில் புறப்பட்ட வெள்ளி ரதம் ஜாலான் ஈப்போ வழியாகப் பத்துமலைக்குப் போகிற இரவு, நம் தண்ணீர்ப் பந்தலில், புளோக்குக்கே பாட்டியான அம்மாயி பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மோர் கலக்கினார். இஞ்சியையும் பச்சை மிளகாயையும் நசுக்கிப் போட்டு, கருவேப்பிலையைக் கையாலேயே கசக்கி, ஐஸ் கட்டியோடு வந்த பையனை "இது மோரா சர்பத்தா" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். சாமிக்குப் படைக்கும் முன் வாயில் வைக்க மாட்டார், முகர்ந்து பார்த்தே உப்பு போதுமா என்று சொல்லிவிடுவார். அவர் கலந்துகொண்ட கடைசி நிகழ்ச்சி அதுதான். ஆடி மாதம் காலமானார்.

செந்தூலில் நம் புளோக்கில் அவரை எல்லாருமே அம்மாயி என்றுதான் கூப்பிட்டோம், சொந்தப் பேரப்பிள்ளைகள் மூன்று பேர்தான் என்றாலும். பிறந்த வருஷம் கேட்டால் "ஜப்பான்காரன் போன மறு வருஷம்" என்பார், அதாவது 1946. சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறப்பு, பிறப்புப் பத்திரம் கிடையாது. 1957இல் நாடு சுதந்திரம் பெற்றதற்கு முன் பிறந்தவர்களில் பலர் குடியுரிமையை மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன பெண்ணுக்கு யார் மனு எழுதிக் கொடுப்பது? குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்து தோட்டக் குடும்பங்கள் பல ரஜுலா கப்பலில் இந்தியாவுக்குத் திரும்பியபோது இவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "எந்த ஊருக்குப் போறது, நான் பார்த்த ஊரே இதுதானே" என்று இருந்துவிட்டார்.

பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே கணவர் போய்விட்டார். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள், கோலாலம்பூருக்கு வந்தார். பகலில் துப்புரவு வேலை, இரவில் தோசை மாவு அரைத்து வியாபாரம், நாலு பிள்ளைகள். அது முடிந்ததும் உட்கார்ந்தாரா என்றால் இல்லை. மகளுக்கு இரவு ஷிப்ட் என்பதால் பேரப்பிள்ளைகள் மூன்றையும் குளிப்பாட்டி, தலை சீவி, தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பி, பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் குடையோடு நின்றவர் அவர்தான். பெரிய பேத்தி இன்று தாதி. அடுக்களைச் சுவரில், பந்தய நாள் போட்ட குதிரைக் காலண்டர் தொங்கும், அதில் மாவுக் கடன், பேரன் பரீட்சை, மின்சாரக் கட்டணம் எல்லாம் பென்சிலில் இருக்கும். ஜனவரிக் கட்டம் ஒன்றில் வருஷா வருஷம் "சங்கம் 24" என்று எழுதியிருப்பார். மாதம் 2 வெள்ளி (ரிங்கிட்) வீதம் வருஷத்துக்கு 24 வெள்ளி, நம் சந்தா. நான் கேட்டு வாங்கியதே இல்லை, மாவுப் பாக்கெட்டோடு மேலே ஏறி வந்து கொடுப்பார்.

குடிமக்களுக்கான நீல அட்டை கைக்கு வந்தபோது எழுபதைத் தாண்டிவிட்டார். தானியங்கி வாக்காளர் பதிவு அதற்குள் வந்துவிட்டதால் 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில்தான் வாழ்க்கையில் முதல் ஓட்டு. விரல் மையைப் புளோக் முழுக்கக் காட்டினார். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்ட ஒருவரிடம் "நீ சந்தா கட்டிட்டியா" என்று திருப்பிக் கேட்டார். கேட்டவர் இன்னும் கட்டவில்லை.

இனி என் திட்டம். மூத்த தாய்மார்களின் பேச்சைப் பதிவு செய்து வைப்போம் என்று சென்ற ஆண்டு கூட்டத்திலேயே சொன்னேன், எல்லாரும் கை தட்டினீர்கள். சட்டையில் மாட்டும் மைக் ஒன்று 85 வெள்ளிக்கு வாங்கியதும் செயலவையில் கேள்வி வந்தது. கிழவிகள் பேச்சுக்கு மைக் எதற்கு என்று ஒருவர் கேட்டதைக் கூட்டக் குறிப்பில் நாகரிகம் கருதி நான் எழுதவில்லை. ஆண்டு விருந்தின் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு ஆன செலவில் இது கால்வாசி கூட வராது. அந்த மைக்கில்தான் அம்மாயி பேசியது நாற்பது நிமிடம் இன்று நம் கையில் இருக்கிறது.

பூரிக்கட்டையை நிமிர்த்திப் பிடித்து, கரண்டிக் காம்பை உளியாக வைத்துக்கொண்டு, பால் எடுக்க ரப்பர் மரத்தை வெட்டுவது எப்படி என்று காட்டுகிறார். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சாய்வாக இறக்க வேண்டும், பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், மரத்தைத் தொட்டுவிட்டால் காயம், அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, மேற்பார்வை பார்க்கும் கிராணி பார்த்தால் ஏச்சு. வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு கிளம்பி, கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாராம். "என் பிள்ளைங்களுக்கு அம்மான்னா ரப்பர் பால் வாடைதான்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். பட்டணத்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும் காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார், மாவு வேலைக்காக எழுகிறார் என்றுதான் மகள் நினைத்திருந்தார். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்க அடிக்கும் பெரட்டு மணி அடிக்கிற மாதிரி காதில் கேட்கும், அதனால்தான் எழுகிறேன் என்று பதிவில் சொல்கிறார். மகளுக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்தில் இதைத்தான் போட்டுக் காட்டினோம். புலனத்தில் "ஆழ்ந்த இரங்கல்" போட்டவர்கள் அறுபது பேருக்கு மேல், நேரில் வந்தவர்கள் பத்தொன்பது பேர், அதில் அவர் குடும்பம் ஏழு. அன்று கால்பந்து என்று பிறகு கேள்விப்பட்டேன். சரி, போகட்டும். அவர் வீட்டு மாவில் தோசை சாப்பிடாத வீடு இந்தப் புளோக்கில் எத்தனை என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

சந்தா விஷயம். பாதிக்கு மேல் பாக்கி. ஊழியர் சேமநிதியில், வேண்டியபோது பணம் எடுக்கும் மூன்றாவது கணக்கு வந்ததும் மொத்தமாகக் கட்டுகிறோம் என்று சிலர் சொன்னீர்கள். மே மாதமே கணக்கு வந்துவிட்டது, கைப்பேசிகளும் மாறியிருப்பதைப் பார்க்கிறேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக விளக்குவார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறைய சமம், செலவு சற்று முந்திக்கொண்டது. அந்தச் சற்றை யார் போட்டார் என்பதை நான் எழுதப் போவதில்லை.

தலைவர், பொருளாளர், செயலவையினர், பந்தலுக்கு மேசை தந்தவர்கள், சமையலில் நின்ற மகளிர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் செயலாளருக்கு நிற்பதாக இல்லை என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். வேறு யாரும் வேட்புமனு தரவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே இளைஞர்கள் யாராவது முன்வந்தால் கோப்புகளை அன்றே ஒப்படைக்கத் தயார், மைக்கையும் சேர்த்து. பேச ஒப்புக்கொண்ட மூத்த தாய்மார்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்குக் காது மந்தம், ஒருவர் இருப்பது ரவாங்கில், மகன் வீட்டில். கார் வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும், சனிக்கிழமை மாலை நாலுக்கு மேல் என்றால் அவர்களுக்குச் சௌகரியம். பெயர் கொடுக்க வருகிறவர்கள் இரவு எட்டுக்கு மேல் என் வீட்டுக்கே வரலாம், ரசீதுப் புத்தகமும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்