நிலாவின் பேச்சில் திருத்த வேண்டியவை

அன்புள்ள கயல்,

நிலா பள்ளியில் பேசப்போவதை அனுப்பியிருந்தாயே, இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவில் களைத்துப்போன ஒரு கறுப்பினத் தையல்காரப் பெண்மணி பஸ்ஸில் வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்தார், சட்டம் மாறிவிட்டது என்று முடித்திருக்கிறாள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது போதும் என்று உனக்குத் தோன்றலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பெண்மணி, ரோசா பார்க்ஸ், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்புக்கு, அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரக் கிளையில், 1943லேயே செயலாளர் ஆனவர். களைப்பை மட்டும் சொன்னால் அத்தனை வருட உழைப்பும் காணாமல் போய்விடும்.

அவர் வெள்ளையர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார் என்பதும் தவறு. அந்த பஸ்ஸில் 36 இருக்கைகள். முன்னால் 10 வெள்ளையருக்கு, பின்னால் 10 கறுப்பினத்தவருக்கு. நடுவில் உள்ள 16 இருக்கைகளுக்கு டிரைவர் வைத்ததுதான் சட்டம். பார்க்ஸ் இருந்தது இந்த நடுப்பகுதியின் முதல் வரிசையில். 1955 டிசம்பர் 1 மாலை, நின்றுகொண்டிருந்த ஒரே ஒரு வெள்ளையருக்காக நான்கு பேரை எழச் சொன்னார் டிரைவர். ஒரே வரிசையில் இரு நிறத்தாரும் உட்காரக் கூடாது என்பதால்தான் நான்கு பேரும் எழ வேண்டியிருந்தது. மூன்று பேர் எழுந்தார்கள், பார்க்ஸ் எழவில்லை, கைதானார். இந்தக் கணக்கை நிலா பலகையில் படமாக வரைந்து காட்டட்டும், வகுப்புக்கே புரிந்துவிடும்.

அன்றிரவே கல்லூரிப் பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன், பஸ்ஸில் ஏறாமல் புறக்கணியுங்கள் என்று ஒரு தாளில் மூன்று பிரதி வரும்படி நோட்டீஸ் தயாரித்து, விடிவதற்குள் பல்லாயிரம் பிரதிகளை சைக்ளோஸ்டைல் எடுத்துவிட்டார். மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்த திட்டம் அது, அதனால்தான் ஓர் இரவில் முடிந்தது. திங்கட்கிழமை, டிசம்பர் 5, பஸ்கள் காலியாக ஓடின. பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர் என்பதால் கம்பெனிக்கு அடி பலமாக விழுந்தது.

ஆனால் வேலைக்குப் போவது எப்படி? முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிக்கொண்டார்கள். குறைந்தபட்ச டாக்சிக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியை நகராட்சி கையில் எடுத்ததும் அது நின்றது. லூசியானா மாநிலத்து பேட்டன் ரூஜ் நகரில் 1953ல் நடந்த பஸ் புறக்கணிப்பிலிருந்து, சொந்தக் கார்களில் பலரைச் சேர்த்து ஏற்றிச் செல்லும் கார்பூல் முறையைக் கற்றுக்கொண்டார்கள். சுமார் 300 கார்கள். எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதற்கு ஊரின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த தபால் ஊழியர்கள் உதவினார்கள். காரில் காசு வாங்கினால் லைசென்ஸ் இல்லாத டாக்சி என்று வழக்கு வரும், ஆகவே பணம் நன்கொடையாகத்தான் வந்தது. ஜார்ஜியா கில்மோரும் தோழிகளும் சமைத்து விற்றுக் கொடுத்த பணமும் அதில் உண்டு. அடுத்த முட்டுக்கட்டை இன்சூரன்ஸ்: சர்ச்சுகள் வாங்கிய வண்டிகளின் பாலிசிகள் ரத்தாகிக்கொண்டே இருந்தன. உன் அட்லாண்டாவில் இருந்த கறுப்பின இன்சூரன்ஸ் ஏஜென்ட் டி. எம். அலெக்சாண்டர்தான் லண்டனின் இன்சூரன்ஸ் சந்தையான லாயிட்ஸ் மூலம் பாலிசி எடுத்துக் கொடுத்தார். எத்தனை பெரிய போராட்டமும் இப்படி ஒரு காகிதத்தில் சிக்கி நின்றுவிடக்கூடும், கயல். அந்த மனிதரை யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

சட்டத்தை மாற்றியது பார்க்ஸ் வழக்கு அல்ல. அவருக்கு 10 டாலர் அபராதம், 4 டாலர் கோர்ட் செலவு. அந்த மேல்முறையீடு மாநிலக் கோர்ட்டுகளிலேயே இழுபடும் என்று தெரிந்து, வக்கீல் ஃபிரெட் கிரே 1956 பிப்ரவரியில் பஸ்ஸில் நிறம் பார்த்துப் பிரிப்பதை எதிர்த்து மத்திய நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டார். தீர்ப்பு வந்தது நான்கு பெண்களின் பெயரில்: அரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின். பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே பஸ்ஸில் எழ மறுத்துக் கைதானபோது கோல்வினுக்கு வயது 15.

நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதே நாளில்தான் உள்ளூர் கோர்ட் கார்பூலுக்குத் தடை போட்டது. உத்தரவு கைக்கு வந்தது டிசம்பர் 20. அதுவரை ஐந்து வாரம், கார்பூலும் இல்லாமல், ஆனாலும் பஸ் ஏறவில்லை. மொத்தம் 381 நாள்.

மூன்று நிமிடம்தான் என்றால் இருக்கை வரிசை, கார்பூல், கோல்வின், இவை மூன்றும் இருக்கட்டும். திருத்தியதை ஞாயிறுக்குள் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா