நொண்டும் நாய்க்கு நம் வலி மாத்திரை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு நாயோ பூனையோ காலைத் தாங்கி நடந்தால், நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையைச் சோற்றில் மசித்துக் கொடுத்துவிடுகிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பூனைக்கு ஒரே ஒரு 500 மில்லிகிராம் பாரசிட்டமால் போதும், உயிர் போய்விடும். அம்மருந்தை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பேறும், முகம் வீங்கும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மலம் தார்போலக் கறுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதன்மேல் இன்னொரு வலி மருந்து சேர்வது ஆபத்து.

முதலில் பாதத்தைப் பாருங்கள். வலியில் வளர்த்தவரையே கடிக்கும், ஆகவே ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்தால் கருவேல முள், கண்ணாடிச் சில்லு, உண்ணி, பிளந்த நகம் என ஏதாவது தென்படும். கோடையில் தார்ச்சாலையில் நடந்த நாய்க்கு உள்ளங்கால் கொப்பளித்திருக்கும். முள்ளை எடுத்தபின் அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு கலந்து கழுவி, இடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள்.

எந்தக் கால் என்று பிடிபடாவிட்டால் நடக்கவிட்டுத் தலையைக் கவனியுங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்.

வீக்கம் இருந்தால் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை வையுங்கள். இரண்டு நாள் படியேறவோ தாவவோ விடாதீர்கள். எண்ணெய் போட்டு நீவவே கூடாது. எலும்பு முறிந்திருந்தால் அதன் முனை சதையைக் கிழிக்கும்.

இரண்டு நாளில் குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காலை ஊன்றவே இல்லை, கால் தொங்குகிறது, வளைந்திருக்கிறது என்றால் அன்றே போக வேண்டும். பூனையின் பின்னங்கால்கள் திடீரென இழுபட்டுச் சில்லிட்டால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

நாய் இன்று ஒரு கால், நாளை வேறு கால் என மாறி மாறி நொண்டி, காய்ச்சலோடு சோற்றையும் ஒதுக்கினால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். காலில் காயம் எதுவும் தெரியாததால் பலர் இதைச் சுளுக்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
திருநெல்வேலி